மூன்றாவது பெயர்

ஆளுநர் மாளிகையில் நியமனப் பிரிவு என் பொறுப்பு. ஒரு பதவிக்கு அரசு மூன்று பெயர்களை அனுப்பும். ஒவ்வொருவரைப் பற்றியும் நான் ஒரு பக்கம் எழுதி வைப்பேன். ஆளுநர் படித்துவிட்டு, ஒரு பெயருக்கு எதிரே பச்சை மையில் கையெழுத்திடுவார். பெயர்களில் நம் உறவினர் இருந்தால் கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.

அந்த வாரம் தேர்வாணைய உறுப்பினர் பதவிக்கு வந்த மூன்றாவது பெயர் என் சகலையுடையது.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் எழுத்தராகச் சேர்ந்தவர்கள். அவரை மைத்துனிக்குப் பார்த்துச் சொன்னதே நான்தான். அதன் பிறகு அவர் படி ஏறினார். நான் பிரிவு மாறினேன். மாமனார் வீட்டில் அவர் பேசினால் தொலைக்காட்சியை அணைப்பார்கள். நான் பேசினால் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

கோப்பை நான் கைமாற்றவில்லை. மற்ற இருவருக்கும் பக்கம் நிறைய எழுதினேன். சகலைக்கு நான்கு வரி. ஏழு ஆண்டு தேங்கிக் கிடந்த ஓய்வூதிய விண்ணப்பங்களை அவர் எட்டே மாதத்தில் முடித்துக் கொடுத்ததை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் விட்டுவிட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

"தங்கச்சி போன் பண்ணா. அவர் பேரு உங்க ஆபீசுக்கு வந்திருக்காமே?"

"வரும், போகும்."

"அதுக்கு ஏன் மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு?"

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். ஒரு வரியும் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை ஆளுநர் கூப்பிட்டார். கோப்பு அவர் முன் விரிந்து கிடந்தது. மூன்றாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

உறவு என்று சொன்னால், மறைத்த குற்றம் என் தலையில் விழும். நல்லவர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியாதுங்க ஐயா."

ஆளுநர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மத்த ரெண்டு பேருக்கும் மூணு நாளா சிபாரிசு மேல சிபாரிசு. போனை எடுக்கவே பயமா இருக்கு. இந்த மனுஷனுக்காக ஒருத்தர் பேசல. இந்த மாளிகையில இவரைத் தெரிஞ்ச ஆளே இல்ல. இவர்தான் நமக்கு வேணும்."

பச்சை மை காயும் வரை அங்கேயே நின்றேன். நியமன ஆணையை என் கையாலேயே தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட விழவில்லை.

மாலை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சகலை வாசலுக்கே வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சகலை, நீங்க வெளிய சொல்லிக்க மாட்டீங்க. ஆனா உள்ள எனக்காகப் பேசினது நீங்கதான். எனக்கு அங்க வேற யாரு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமனார் எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

உட்கார்ந்தேன்.