செத்ததை ஓரம் போடுவது

கார்லண்ட் வண்டியை விட்டு இறங்கலாம். எட்ட நின்று பார்க்கலாம். படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பாம்பையும் தொடக் கூடாது. பாம்பைத் தூக்கும் நீளக் கொக்கி சிப்ரியானோவின் கையில்தான் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் கார்லண்ட், என் கணவன், சரியென்று தலையாட்டிய பிறகுதான் இந்த வசந்தப் பயணத்துக்கு நான் சாவியை எடுத்தேன்.

கிலுகிலுப்பை விரியன்களைத் தேடிப் பாலைவனச் சாலைகளில் அலைவது கார்லண்டுக்கு வாலிபத்திலிருந்தே உள்ள கிறுக்கு. பிடிப்பதில்லை, விற்பதில்லை. கண்டுபிடிப்பது, பார்ப்பது, சாலையில் கிடந்தால் வண்டி ஏறுவதற்குள் ஓரம் நகர்த்துவது, அவ்வளவுதான். அதில் மூன்று முறை கடி வாங்கிவிட்டான். முதல் கடியில் வலது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது நான். இரண்டாவது கடிக்கு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நர்சுகளுக்குப் பாம்புக் கதை சொன்னான். மூன்றாவது வேறு மாதிரி. விஷம் ஏறுவதற்கு முன்பே அவன் உடம்பு கலவரம் செய்துவிட்டது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உதடு நீலமாகிவிட்டது. "விஷத்துக்கு மருந்து இருக்கு. ஆனா உங்க உடம்பு இப்ப விஷத்தக் கண்டாலே மூச்ச அடைச்சிடும். இன்னொரு கடி பட்டா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர மாட்டீங்க" என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூச்சு இழுத்தால் தொடையில் குத்துவதற்கென்று இரண்டு ஊசிகள் கொடுத்தார். அவை வண்டியில் என் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கின்றன.

சிப்ரியானோ எங்கள் மகளின் ஞானத்தகப்பன். அதனால், ஞானப்பிள்ளையின் தாய் என்ற முறையில், என்னைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான். கார்லண்டும் அவனும் செம்புச் சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். கொக்கியை அவன் ஏற்றுக்கொண்டான், ஆனால் சந்தோஷமாக இல்லை. "இவன் கையக் காவல் காக்கறதுக்கு நான் ஏதாவது பேங்க்ல காவலுக்குப் போயிருக்கலாம்" என்றான்.

எங்கள் ஊர் சில்வர் சிட்டியிலிருந்து தெற்கே இறங்கி ரோடியோ பக்கம் போனோம். குளிர்காலம் முழுக்க ஒரு நல்ல மழை இல்லை. கருவேலம் புதர்கள் துளிர்க்காமல் நின்றன. காற்று மட்டும் ஓயவில்லை. கண்ணிலும் பல்லிலும் காப்பியிலும் மணல். நான் ஆமை வேகத்தில் ஓட்ட, ஆளுக்கொரு பக்கமாக இருவரும் சாலையை மேய்ந்துகொண்டு வந்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து! வலது பக்கம்!" என்று பின்னாலிருந்து சிப்ரி கத்தினான்.

நிறுத்தினேன். லாரிச் சக்கரத்திலிருந்து பிய்ந்து சுருண்டு கிடந்த ரப்பர்.

"டயர் விரியன்" என்றான் கார்லண்ட். "இந்தப் பள்ளத்தாக்குல இது ஒண்ணுதான் நல்லாப் பெருகுது."

"சிரிக்காதடா கிழவா. உன் கண்ணுக்கு அதுகூடத் தெரியல."

"தெரிஞ்சுது. நீ ஏமாறுறதப் பாக்கலாம்னு சும்மா இருந்தேன்."

அன்று கிடைத்தது ஒரு கொம்பு ஓணான், படமெடுப்பதற்குள் ஓடிப்போன ஒரு சாட்டைப் பாம்பு, நசுங்கிக் காய்ந்துபோன ஒரு காளைப் பாம்பு. செத்த பாம்பைச் சாலையில் அப்படியே விட்டுப் போவது எங்கள் கூட்டத்தில் வழக்கமில்லை. கொத்தித் தின்ன வரும் அண்டங்காக்கையும் பருந்தும் அடுத்த வண்டியில் அடிபடும். வாலைப் பிடித்துத் தூக்கிப் புதர் ஓரம் போட்டுவிட்டுத்தான் நகர்வோம். கார்லண்ட் இறங்கி அந்தக் காளைப் பாம்பை ஓரம் போட்டுவிட்டு வந்தான். விஷமில்லாதது, அதுவும் காய்ந்தது. நான் தடுக்கவில்லை.

கிலுகிலுப்பை என்றால் செத்ததையும் கொக்கியால்தான் எடுக்க வேண்டும். உடம்பு செத்த பிறகும் வெகுநேரம் அதன் தலை கடிக்கும். புதிதாக இந்தக் கிறுக்குப் பிடித்து வருகிறவர்களுக்குக் கார்லண்ட் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

இரவு தங்கிய விடுதியில் வெந்நீர் வரவில்லை. பெட்ரோல் பங்கில் வாங்கிய பீன்ஸ் புரீத்தோ ரொட்டிச் சுருளை ஆளுக்கொன்று தின்றுவிட்டுப் படுத்தோம். முன்பெல்லாம் இந்தப் பயணங்களில் தூங்கவே மனம் வராது. இப்போது சிப்ரிக்கு முழங்கால், எனக்கு இடுப்பு.

மறுநாள் காலையில் பாறைச் சரிவு ஒன்றில் ஏறினோம். குளிர்காலத்தில் பாம்புகள் ஒன்றாக அடைந்து கிடக்கும் பொந்துகள் அங்கே உண்டு. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து காயும். அன்று ஒன்றும் வரவில்லை. பழைய பாம்புச் சட்டை ஒன்று பாறையிடுக்கில் படபடத்துக்கொண்டிருந்தது. கார்லண்ட் முள்புதருக்குள் தலைவிட்டுத் தேடிக் கையெல்லாம் கீறிக்கொண்டு வந்தான்.

"போயிடலாமா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போலாம் வில்மா. உயிரோட ஒண்ணு."

சாயங்காலம் திரும்பும் வழியில் சிப்ரி மறுபடி கத்தினான். வேலிக்கு அப்பால் ஒரு பல்லி. அவன் வெகுநாளாகப் படம் பிடிக்க நினைத்த வகை. கொக்கியை ஊன்றிக்கொண்டு முழங்காலைத் திட்டிக்கொண்டே வேலியைத் தாண்டிப் போனான். நான் பிளாஸ்கிலிருந்து கடைசிக் காப்பியை ஊற்றினேன். கார்லண்ட் காலாற நடக்கிறேன் என்று இறங்கினான்.

காப்பிக் கோப்பையோடு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபோது அவன் சாலை நடுவில் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது கையில் ஒரு வால். பச்சை பூத்த உடம்பு, வெள்ளையும் கறுப்புமாக வால் வளையம். மொஹாவே கிலுகிலுப்பை. சற்று முன்னால் எங்களைத் தாண்டிப் போன லாரிதான் ஏற்றியிருக்க வேண்டும். நடு உடம்பு கூழாகியிருந்தது. அதை வீட்டுக் குப்பையைக் கொண்டுபோவதுபோல அவன் சாவகாசமாகப் புதரை நோக்கி எடுத்துப் போனான்.

"கார்லண்ட்!"

என் குரலுக்கு அவன் திரும்பினான். பாம்பும் கூடவே ஆடியது. கீழே தொங்கிய தலை மேலே வளைந்து, வாயைப் பிளந்து, அவன் சட்டைக் கையில் கவ்வியது. அவன் உதறினான். அது தார்மேல் விழுந்து மறுபடி வாயைத் திறந்து மூடியது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. சட்டைக் கையைச் சுருட்டினேன். துணியில் இரண்டு இடத்தில் ஈரம். மணிக்கட்டில் சிவப்பாக இரண்டு கோடு.

"இது முள்ளு கீறினது. காலையில பட்டது" என்றான்.

"நிச்சயமா?"

அவன் உற்றுப் பார்த்தான். "தெரியல" என்றான்.

சிப்ரி கொக்கியை வேலியோரமே போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு தடவை பாம்பைப் பார்த்தான், ஒரு தடவை சட்டையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கார்லண்டை முன் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினான். நான் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். இவ்வளவு தூரம் மெதுவாகவே வந்த வண்டி அது, மிதித்ததும் அலறியது.

"பேசுடா கிழவா" என்றான் சிப்ரி, பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தபடி. "வாய மூடாத. குரல் மாறுதான்னு நான் கேக்கணும்."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு. மத்த நாள்ல நிறுத்தவே மாட்ட, இன்னிக்கு மட்டும் என்ன?"

"அது செத்துப்போச்சு சிப்ரி. பாதி உடம்பு ரோட்டோட ஒட்டிக் கிடந்துது."

"தலையும் செத்துச்சா?"

கார்லண்ட் பேசவில்லை.

"பேசுன்னேன்ல!"

"சாகல. போதுமா? ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான். எனக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "கோவமா?"

"ரோட்டப் பாக்கறேன். நீ பேசு."

அவன் பேசினான். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னான். அதைச் சரிசெய்ய வந்து இன்னும் கெடுத்துவிட்டுப் போன என் தம்பியைச் சொன்னான். "அவன் கையில ஸ்பேனரக் குடுக்கறதுக்கு அந்தப் பாம்பக் குடுத்திருக்கலாம்" என்றான். சிப்ரி சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். நான் கார்லண்டின் சொற்களைக் கேட்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வழியில் லார்ட்ஸ்பர்க் ஊர் வந்தபோது அவன் குரல் கம்மியிருந்தது, ஆனால் அது பேசிப் பேசிக் கம்மியது. ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக நிறுத்திக் கையைப் பார்த்தோம். வீக்கமில்லை. கோடுகள் காய்ந்திருந்தன. பழைய கீறலேதான். பல் துணியோடு நின்றிருக்கிறது. போன தடவை சில நிமிஷத்திலேயே மூச்சு திணறியவன், இப்போது தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

மடியிலிருந்த ஊசியை அதன் இடத்தில் வைத்தேன். "வாக்குக் குடுத்தியே" என்றேன். "தலையாட்டினியே என்கிட்ட."

"ஆமா."

"அப்புறம் ஏன்? செத்தது கணக்குல வராதுன்னு நெனச்சியா?"

"அப்படிச் சொன்னா நீ திட்டிட்டு விட்டுருவ. ஆனா அது பொய்." பாட்டிலை மூடினான். "நான் நெனைக்கவே இல்ல வில்மா. ரோட்டுல கெடந்துது, ஓரம் போடணும், அவ்வளவுதான். நீ கத்தினப்பதான் என் கையில வால் இருக்கறதப் பாத்தேன்."

"பொய் சொல்லியிருந்தான்னா நல்லா இருந்திருக்கும் கொமாத்ரே" என்றான் சிப்ரி.

அதுதான் எனக்கும் தோன்றியது. ஏமாற்றியிருந்தால் இன்னும் கடுமையாகச் சத்தியம் வாங்கலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிக்கலாம். இவனிடம் இனி என்ன சத்தியம் வாங்குவது? பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுச் சாலையில் திரும்பினேன். யாரும் சாலையில் பாம்பைத் தேடவில்லை.

அதனால் முதலில் பார்த்தது நான்தான். வளைவு தாண்டியதும், வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில், சாலையின் பாதி அகலத்துக்கு நீண்டு கிடந்தது. வைர முதுகு கிலுகிலுப்பை. தார்ச் சூட்டில் சுகமாக, அசையாமல், உயிரோடு. மேட்டிலிருந்து மாடு ஏற்றிய லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் போட்டேன். வண்டி முழுசாக நிற்பதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. கார்லண்டின் ஒரு கால் வெளியே தார்மேல் இருந்தது.

"கார்லண்ட்" என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.

அவன் நின்றான். வெளியே இருந்த தன் காலைப் பார்த்தான். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. பிறகு அதை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"கொக்கி வேலிகிட்டயே கெடக்கு" என்று முனகினான் சிப்ரி.

நான் இறங்கினேன். பாம்பைச் சுற்றித் தள்ளி நடந்து, அதைத் தாண்டி, லாரிக்கு எதிரே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். லாரி காற்றுப் பிரேக்கின் பெருமூச்சோடு எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. மாட்டுச் சாண வாடை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

"என்னம்மா, வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல. பாம்பு போகுது."

எட்டிப் பார்த்தான். "அது எங்க போகுது? படுத்துல்ல கெடக்கு."

"போகும்."

"உங்க வளர்ப்பா?"

"இல்ல."

"ஏத்திட்டுப் போறத விட்டுட்டு... வீட்ல சமையல் வேலை ஒண்ணும் இல்லியா?"

"இல்ல" என்றேன்.

அவன் ஏதோ முனகிவிட்டு எஞ்சினை அணைத்தான். மாடுகள் உள்ளே இடித்துக்கொண்டன. லாரி நின்ற அதிர்வில் பாம்பு தலையைத் தூக்கி, சுருண்டு, கிலுகிலுத்தது. யாரும் கிட்டப் போகவில்லை என்று தெரிந்ததும் மெல்ல அவிழ்ந்து, அவசரமே இல்லாமல் ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிக்குள் போயிற்று. வால் மறையும்வரை நான் கையை இறக்கவில்லை.

லாரி போன பிறகு வண்டிக்குத் திரும்பினேன். கார்லண்ட் கண்ணாடியை இறக்கியிருந்தான்.

"ஆணா, பொண்ணா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் லாரியத்தான் பாத்தேன்."

அவன் தலையசைத்தான். கள்ளிப்புதரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பேரப்பிள்ளைங்களுக்குன்னு பின் கதவுல ஒரு பூட்டு இருக்கே, அது வேலை செய்யுதா?" என்று கேட்டான்.

"செய்யும்."

"சிப்ரி, நீ முன்னால வா."

"எதுக்குடா?"

"வாடான்னா."

சிப்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கார்லண்டும் இறங்கி, பின் சீட்டில் ஏறி, மடங்காத இரண்டு விரல்களோடு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கதவின் விளிம்பில் இருந்த சின்ன விசையைச் சாவி முனையால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுபக்கம் போய் அதையும் அப்படியே சாத்தினேன்.

உள்ளேயிருந்து அவன் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை.

"சரி, எடு" என்றான்.