எலும்புகளுக்கு நடுவே கறுப்பு

ராயபுரத்து மிளகாய் மண்டி ராசையா, வணிகர் சங்கத் தலைவரான நாளிலிருந்து குனிந்து செருப்புகூடப் போட்டதில்லை. முதுகுவலிக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பு துண்டு துண்டாக நின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி.

"ஏட்டி, என்னைத் தொடாத. எல்லாம் கழண்டு நிக்கி, சரிஞ்சிரும்," என்று மனைவி ஞானபாக்கியத்திடம் கிசுகிசுத்துவிட்டுப் படுத்தவர், இரண்டு நாள் அசையவில்லை. தும்மலைக்கூட அடக்கினார்.

மூட்டை தூக்கும் கோதண்டம் ஆள் சேர்த்து அவரைப் பலகையோடு டாக்டரிடம் கொண்டுபோனான். "மூச்சாவது வுடு மொதலாளி, அதுக்கு இன்னா வரியா கேக்கப்போறாங்க?"

படத்தைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "இடைவெளி எல்லாருக்கும் உண்டுங்க. நடுவுல மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கு, அது படத்துல விழாது. மார்புக்குப் பின்னால இருக்கிற பன்னிரண்டு எலும்பையும் ரெண்டு பக்கமும் விலா எலும்பு பிடிச்சிருக்கு. லேசுல சரியாது."

ராசையா முகத்தில் சங்கத் தலைவர் திரும்பி வந்தார்.

டாக்டரின் விரல் எலும்பு எலும்பாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. அங்கே கறுப்பு இல்லை. இரண்டு எலும்புகள் ஒட்டிக் கிடந்தன.

"அது மட்டும் கெட்டியா சேந்திருக்கு, என்ன?" என்றார் ராசையா பெருமையாக.

"இங்க மெத்தையைக் காணோம். ஏதோ அரிச்சிருக்கு." டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. "கால் விரலை அசைங்க."

"அசைச்சுட்டேனே," என்றார் ராசையா.

விரல் அசையட்டும் என்று மற்றவர்கள் இன்னும் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.