கவிழ்த்து வைத்த தட்டு

கனகதாஸுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது. அந்த மூடியின் நட்டுகளை அவன்தான் முறுக்கினான். கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. கை அழுத்துகிறது, போதிய இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்சு 'டிக்' என்கிறது, கை அடுத்த நட்டுக்குப் போகிறது. பாறசாலை வீட்டில் பல் தேய்க்கும்போதும் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று பாடும்போதும் தெரிகிறது. ஆனால் விமானம் வேறு மாதிரி சாட்சி சொல்லிவிட்டது.

ஆகாயத்தில் தனியார் கம்பெனிகள் புதிதாக முளைத்த தொண்ணூறுகள் அவை. திருவனந்தபுரத்தில் அப்படியொரு கம்பெனியில் அவன் எஞ்சின் மெக்கானிக். ஆயில் ஃபில்டரை மாற்றி மூடி போட்டு அனுப்பிய விமானம், கடலுக்கு மேலே போனதும் ஓர் எஞ்சினின் ஆயிலை முழுக்க ஒழுகவிட்டு, மற்ற எஞ்சினை நம்பித் திரும்பி வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. திறந்து பார்த்தால், ஃபில்டர் மூடியின் நட்டுகள் வெறும் கையால் திருகிய அளவில்தான் இருந்தன.

அன்றைக்கு அந்த எஞ்சினைத் தொட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் கனகதாஸ். இன்னொருவன் அமரவிளை ஜெயச்சந்திரன், தினமும் அவனோடு ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவன். கனகதாஸுக்குப் பிறகு பக்கத்திலிருந்த குழாயைச் சரிபார்த்தவன் அவன். கை நுழையவில்லை என்று மூடியை அவன்தான் கழற்றியிருப்பான், திரும்பப் போட்டு முறுக்க மறந்திருப்பான் என்று கம்பெனி கணக்குப் போட்டது. இருவரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணையில் கனகதாஸ் சொல்வதை வைத்துத்தான் முடிவு. 'முறுக்கினேன்' என்று அவன் சொன்னால் ஜெயச்சந்திரனின் வேலை போய்விடும்.

ஜெயச்சந்திரன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். வைத்த சாயாவைத் தொடவில்லை.

"மக்கா, நான் அந்த மூடிய தொடவே இல்ல. 'முறுக்கியாச்சா'ண்ணு உனக்கிட்ட கேட்டேன். 'ஆச்சு'ண்ணு நீ செல்லின. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நான் முறுக்கினது சத்தியமாக்கும் மக்கா. அதுக்கு நான் என்ன செய்யட்டு?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கனகதாஸின் மனைவி சத்தியபாயைத் தூங்கவிடாமல் அடித்தது. அவளுக்குக் கணவன்மேல் பரிதாபம் இருந்தது, ஆனால் அதைவிட ஆர்வம் அதிகம். சொந்தக்காரர் செத்தாலும் 'கடைசியா என்ன தின்னாரு' என்று கேட்காமல் அழமாட்டாள். ஜெயச்சந்திரன் தலை மறைந்ததும் தொடங்கிவிட்டாள்.

"முறுக்கி முடிச்சிட்டு என்ன செய்திய?"

"தட்ட கவுத்து வச்சேன்."

அது அவனுடைய பழக்கம். அவன் பிறந்தது அம்பூரி மலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. பால் எடுத்து முடித்த மரத்தில், பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த சிரட்டையைக் கண்டால் அந்த மரத்தில் வேலை முடிந்தது, நிற்காமல் அடுத்த மரத்துக்குப் போகலாம். விமானத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு வேலை முடிந்தால் நட்டு போட்டு வைக்கும் தகரத் தட்டைக் கவிழ்த்துவிடுவான். "தாசே, இன்னைக்கு எஞ்சின்ல எவ்வளவு பால் கிட்டிச்சு?" என்று ஷிப்டே கேலி செய்யும்.

"பின்னே?"

"ஜெயச்சந்திரன் கேட்டான், 'ஆச்சு'ண்ணேன். தட்டுக்க முதுகில நாலு சொட்டு வெள்ளம் கெடந்து. தொடச்சிட்டு எடுத்தேன்."

"வெள்ளம் எப்பிடி வந்து?"

"உள்ள எடம் இல்லாம வெளியில நிறுத்தின பிளேன் பிள்ளே. நட்ட கையால திருகி முடிச்சதும் மழ தூறிச்சு. இறக்கைக்க அடியில ஒதுங்கி நிண்ணேன். மழ விட்ட பெறவு வந்து முறுக்கினேன். போதுமா?"

அவளுக்குப் போதவில்லை. ஆனால் எங்கே இடிக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு முந்தின வாரம் இருவரும் அம்பூரிக்குப் போனார்கள். அவனுடைய பங்குக்கு அங்கே கொஞ்சம் ரப்பர் உண்டு. சும்மா இருந்து யோசிப்பதற்குப் பதில் காலையில் நாலு மரத்தில் பால் வெட்டினால் மனசு ஆறும் என்று நினைத்தான். ஆறத்தான் செய்தது. பட்டையைச் சீவுவான், நேற்று கவிழ்த்த சிரட்டையை நிமிர்த்தி வைப்பான், பால் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரம். நடுவில் கீழ்ச் சரிவிலிருந்து சத்தியபாய், "சாயா வேணுமா?" என்று கூவினாள். "வாறேன், வாறேன்" என்று பதில் கொடுத்துவிட்டு மேலே போனான்.

வெயில் ஏறியதும் வாளியோடு பால் எடுக்க இறங்கினான். ஒவ்வொரு சிரட்டையாக ஊற்றிக் கவிழ்த்துக்கொண்டு போனான். சத்தியபாய் இன்னொரு வாளியோடு பின்னாலே வந்தாள்.

"இந்த மரத்த விட்டிட்டு போறியளே?"

"அதில எடுத்தாச்சு."

"எப்போ?"

"இப்பதான். கவுத்து வச்சிருக்கேன், கண்ணு தெரியலியா?"

"ஊத்தினது ஓர்மை உண்டா?"

"உண்டு பிள்ளே!" அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சிரட்டைய சரிச்சேன், பால் விழுந்து, விரல விட்டு வழிச்சேன். போதுமா?"

"அப்போ இஞ்ச வந்து பாருங்க."

சிரட்டையின் முதுகில் பால் கட்டியாக உறைந்திருந்தது. அங்கிருந்து மரத்தோடு வழிந்து மண்ணில் வெள்ளையாகப் பரவியிருந்தது. கனகதாஸ் சிரட்டையை எடுத்துத் திருப்பினான். உள்ளே காய்ந்த பழைய பாலின் தோல். இன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. அவள் கூவியபோது நின்ற மரம் அதுதான். பட்டையைச் சீவிவிட்டுச் சிரட்டையை நிமிர்த்தாமலே போயிருக்கிறான்.

அதில் வியப்பில்லை, யாருக்கும் நடப்பதுதான். அவனைக் கதிகலங்க வைத்தது வேறு. காலியான சிரட்டை கையில் இருக்கும்போதே, அதிலிருந்து பால் ஊற்றியது இப்போதும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. விரலில் ஒட்டியதுகூட ஞாபகம் இருந்தது. அவன் மனசுக்குக் கவிழ்ந்த சிரட்டை ஒன்று போதும். மிச்சத்தை அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறது.

சிரட்டையின் முதுகைத் தடவினான்.

"தட்டுக்க முதுகில வெள்ளம்," என்றான்.

சத்தியபாய் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மழ விட்ட பெறவு நான் முறுக்கித் தட்ட கவுத்திருந்தா, முதுகு நனையாது பிள்ளே. மழைக்கு முன்னாலேயே அது கவுந்து கெடந்திருக்கு. ரெஞ்சு நனையாம இருக்க நான்தான் அதுக்க மேல கவுத்திருப்பேன். மழ விட்டு வந்து பாத்தேன். தட்டு கவுந்து கெடக்கு. முறுக்கியாச்சுண்ணு நெனச்சிட்டேன்."

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் துளைத்த கேள்விக்கு விடை கிடைத்தும் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

"அஞ்ச, விசாரணைக்குப் போயி செல்லுவியளா?"

"செல்லினா எனக்க வேல போவும்."

"செல்லாட்டா?"

அவன் அடுத்த மரத்துக்குப் போனான். அன்றைக்கு ஒவ்வொரு சிரட்டையையும் கையால் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

விசாரணை அறையில் பெரிய அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். மூடியின் நட்டுகளை முறுக்கியது ஞாபகம் இருக்கிறதா?

"இருக்கு சார். இப்பவும் நல்லா ஓர்மை உண்டு."

பக்கத்து நாற்காலியில் ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"ஆனா நான் முறுக்கல்ல சார்."

பேனா நின்றது. தட்டையும் மழையையும் கனகதாஸ் சொல்லி முடித்தான். யாரும் கேட்காமலே ஜெயச்சந்திரன் எழுந்தான்.

"நானும் அந்தத் தட்டப் பாத்தேன் சார். தாஸ் கவுத்தா முடிஞ்சதுண்ணு எங்க எல்லாருக்கும் தெரியும். அதனால வாயால மட்டும் கேட்டேன், நட்டத் தொட்டுப் பாக்கல்ல."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முறுக்கியது ஞாபகம் இருக்கிறது என்கிறாய், முறுக்கவில்லை என்றும் சொல்கிறாய், நான் இதில் எதை எழுதட்டும் என்று கனகதாஸிடம் கேட்டார்.

"ரெண்டையும் எழுதுங்க சார்," என்றான் கனகதாஸ். "ரெண்டும் சத்தியமாக்கும்."