விற்பனைக்கு அல்ல

டிவி பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தவளுக்குத் தன் கடை எதுவென்று ஒரு கணம் தெரியவில்லை. போன வருடம் இதே மண்டபத்தில் நடந்த சந்தையில் பழைய வீடியோ கேம்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். வந்தவர்கள் பழைய இரும்புக் கடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் இந்த முறை நாத்தனாரைக் கூப்பிட்டிருந்தாள். துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்தி, விளக்குப் போட்டு, தெருவில் போகிறவர்களை நிற்க வைப்பது நாத்தனாரின் வேலை.

அவள் கைவரிசையைக் காட்டியிருந்தாள். காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துப் படிபடியாக அடுக்கி, மேலே கறுப்புத் துணி விரித்திருந்தாள். ஒவ்வொரு படிக்கும் கீழே சின்ன விளக்குகளின் சரம். கேம் கேசட்டுகளை நிறவாரியாகப் பிரித்துச் சாய்த்து நிறுத்தியதில் சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி மஞ்சளாகிக்கொண்டு போனது. வயர்களைச் சுருட்டி நாடா கட்டியிருந்தாள். வெயிலில் பழுத்துப்போன கேம் இயந்திரங்கள்கூட அந்த வெளிச்சத்தில் வேண்டுமென்றே பூசிய தந்த நிறம்போல் இருந்தன.

மேல்படியில், எல்லா வெளிச்சமும் போய்ச் சேரும் இடத்தில், அசல் அட்டைப்பெட்டியோடு ஒரு இயந்திரம் தனியாக நின்றது.

அவள் டிவியைத் தரையில் வைத்தாள். "இதை எங்கேர்ந்து எடுத்த?"

"உங்க பையிலேர்ந்துதான் அண்ணி. இவ்வளவு அழகா அட்டைப்பெட்டியோட இருக்கறதை உள்ளயே பூட்டி வெச்சிருக்கீங்க."

"அது பஸ் டிரைவரோடது. ரிப்பேருக்கு வந்தது. நாலு மணிக்கு டூட்டி முடிஞ்சு இங்கயே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு."

பழுதுக்கு வருகிறவர்கள் அவளைச் சால்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈயம் பற்றவைக்கும் கம்பியும் கையுமாகவே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். டிரைவரும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இரண்டு வாரத்துக்கு முன் வந்தார். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அதில் செருகியிருந்த கேசட்டுக்குள் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று உண்டு. விளையாடியவரின் பெயரும், எதுவரை போனார் என்ற கணக்கும் அந்த பேட்டரி ஓடும்வரைதான் தங்கும். அந்தப் பெயர்ப் பட்டியலின் முதல் கட்டத்தில் இருந்தது டிரைவரின் தங்கை பெயர். தங்கை இறந்து ஒன்பது வருடமாகிறது. "பேட்டரி போயிடுச்சுன்னா அவ பேரும் போயிடும்னு சொல்றாங்க அக்கா. உங்களால முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிந்தது. வெளியிலிருந்து இன்னொரு பேட்டரியால் மின்சாரம் கொடுத்துக்கொண்டே பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தாள். இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. டிவியில் போட்டபோது அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

இதையெல்லாம் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனாரும் தலையாட்டினாள். "காட்டறதுக்கு மட்டும்தான் அண்ணி. யாரு கை வைக்கப் போறாங்க? நடுவுல இது இல்லன்னா மொத்தமே மொட்டையாயிடும்."

அப்போதே எடுத்துப் பைக்குள் வைத்திருக்கலாம். ஆனால் மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்த முதல் கூட்டம் நேராக அவர்கள் மேஜை முன்னால்தான் நின்றது. எல்லார் கண்ணும் மேல்படிக்குத்தான் போனது. அவள் ஒரு அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதி அதன்முன் சாய்த்து வைத்தாள்.

மதியம் திடீரென்று அவர்கள் வரிசையில் மட்டும் விளக்குகள் அணைந்தன. மண்டபத்து எலக்ட்ரீஷியனோடு பின்பக்கம் போய், எந்தக் கடையின் வயர் தகராறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுத் திரும்ப இருபது நிமிடம் ஆனது. வந்து பார்த்தபோது மேல்படியில் வேறொரு இயந்திரம் இருந்தது.

"அது எங்க?"

நாத்தனார் சிரித்த முகமாகத்தான் திரும்பினாள். "குடுத்துட்டேன் அண்ணி. கட்டம் போட்ட சட்டை போட்டவரு ஒருத்தர், அதேதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நம்மகிட்ட கீழ கூடைல அதே மாதிரி இன்னொண்ணு இருக்கே, அதே நிறம். தொடச்சு டிரைவருக்குக் குடுத்துடலாம்."

"நான் அட்டை எழுதி வெச்சேனே."

"அது வெளிச்சத்தை மறைச்சுது. பின்னாடி தள்ளி வெச்சேன்."

"கேசட்?"

"அதுக்குள்ளதான் இருந்துச்சு."

அவளுக்கு முகமெல்லாம் ஜிவ்வென்று சூடேறியது. காலையில் அரைமணி நேரம் வாய் வலிக்கச் சொன்னதை இவள் எந்தக் காதில் வாங்கினாள்? கூட்டத்துக்குள் இறங்கினாள். கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட சட்டை என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய புத்தகக் கடை, பொம்மைக் கடை, காமிக்ஸ் கடை என்று ஒவ்வொன்றாகத் தாண்டினாள். இருவர் காலை மிதித்தாள். மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை.

வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க மண்டபத்தின் மூலையில் இரண்டு டிவி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கக் கை போனது. ஓடும்போது பிடுங்கினால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியலாம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சார், அதைக் கொஞ்சம் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்க. பேரெல்லாம் வருமே, அங்க."

அவர் கொண்டுவந்தார். மூன்று கட்டங்கள் வந்தன. முதல் கட்டத்தில் நான்கு 'ஏ' மட்டும் இருந்தது.

"இதுல ஒரு பேரு இருந்துச்சே."

"ஆமா, ஏதோ இருந்துச்சு. சேவ் ஆகுதான்னு பாக்க வேணாமா? அதை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், அப்படியே நிக்குது. பேட்டரி பிரமாதம். யாரு மாத்தினாங்க?"

"நான்தான் சார்," என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, பெட்டியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். அவரைத் திட்ட ஒரு காரணமும் இல்லை என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாத்தனாரிடம் வந்து சொன்னாள். கத்தவில்லை. வாடிக்கையாளர்கள் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உனக்கு நிறம் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணு. பொம்மைக்குத் துணி மாத்தற மாதிரி மாத்திட்ட."

"நான் உங்களுக்காகத்தானே அண்ணி இவ்வளவு..."

"எனக்காக ஒரு அட்டையை நிக்க விட்டிருக்கலாம்."

நான்கு மணிக்கு டிரைவர் சீருடையோடு வந்தார். மேஜையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பிரமாதமா இருக்கு அக்கா," என்றார். அவள் அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது. அவர் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். டிவியில் போட்டுக் காட்டினாள்.

"இது யாரு, நாலு ஏ?"

"வாங்கினவரு சோதிக்கறதுக்குப் போட்டது."

"இனி வராதா?"

"வராதுங்க. என் தப்பு. இங்க எடுத்துட்டு வந்ததே தப்பு."

அவர் திரையைப் பார்த்தபடியே நின்றார். நாத்தனார் மஞ்சள் வரிசையிலிருந்து இரண்டு கேசட்டை எடுத்து நீட்டினாள். "இதை வெச்சுக்கோங்க அண்ணா. காசு வேணாம்."

டிரைவர் அந்தக் கேசட்டுகளைப் பார்த்தார். பிறகு படிகளை, விளக்குகளை, கறுப்புத் துணியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அழகாத்தான் அடுக்கியிருக்கம்மா. உன் வீட்டுல யாராவது செத்தாலும் இப்படியே அடுக்கி, லைட்டப் போட்டு வித்துடு."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நாத்தனார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். அண்ணிக்காரி அவளைத் தேற்றவில்லை. விளக்குச் சரத்தைப் பிடுங்கினாள். சந்தை முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. விலை கேட்டு நின்ற ஒருவரிடம், "கடை மூடியாச்சு," என்றாள். சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக அள்ளிக் கூடைக்குள் கொட்டினாள். அவள் கையாலேயே பழுது பார்த்த கேசட்டுகள்தான். ஒன்றின் மூலை உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள்.

அன்று வீட்டில் கணவன் சமாதானம் பேச வந்தான். "அவ தெரியாம செஞ்சுட்டா. விடு."

"தெரியாமன்னு சொல்லாதீங்க. நான் சொன்னேன், அவ தலையாட்டினா."

"உனக்கும் அங்க வைக்கணும்னு தோணியிருக்கே. நீயும்தானே விட்ட?"

அவன் சொன்னது உண்மை. காலையில் கூட்டம் மொய்த்தபோது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கோபத்தில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். "ஆமா, நானும்தான்," என்றாள். "ஆனா அதை உங்க தங்கச்சிகிட்ட நீங்க போய்ச் சொல்லாதீங்க. அவ பங்கை அவ சுமக்கட்டும்."

பத்து நாள் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் சாப்பிடும்போது கணவன் மெதுவாக ஆரம்பித்தான். நாத்தனார் டிரைவரின் பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறினாளாம். அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போனாளாம். எல்லாரும் இறங்கியபிறகு அவர் முன்னால் போய் நின்று, "நான்தாண்ணா வித்தேன். எங்க அண்ணி வேணாம்னு சொன்னாங்க," என்றாளாம்.

"அவரு என்ன சொன்னாராம்?"

"டிக்கெட் எடுத்தியாம்மான்னு கேட்டாராம். எடுத்தேன்னு இவ காட்டினாளாம். அப்போ இறங்குன்னு சொல்லிட்டாராம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கோபம் இன்னும் அப்படியே இருந்தது, ஒரு இம்மியும் குறையாமல்.

"திரும்பி எப்படி வந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"நடந்து," என்றான் கணவன்.