சாவடியில் கட்டுச்சோறு

விழுப்புரத்துக்குக் கிழக்கே, துரைக்கண்ணுவின் கொல்லை முடிகிற வரப்பில்தான் பிரெஞ்சுக்காரன் சீமை ஆரம்பம். முப்பதுகளில் அதை யார் சட்டை செய்தார்கள்? அந்தப் பக்கத்துப் பாண்டுரங்கன் மல்லாட்டை சுட்டால் வாசனை முதலில் வரும், பின்னாலேயே ஆளும் வருவார். இருவரும் வரப்பில் உட்கார்ந்து அந்த வேர்க்கடலையை உரித்துத் தின்பார்கள். அப்படிப் பல வருஷம் பேசிப் பேசியே கடைசியில் சம்பந்தியும் ஆனார்கள். மகள் தையல்நாயகியைக் கூப்பிடு தூரத்தில் கொடுத்துவிட்டதாகத் துரைக்கண்ணு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். என்ன நல்ல காலம் அது!

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. பிரெஞ்சுக்காரன் மட்டும் புதுச்சேரியை விட்டு நகரவில்லை. டில்லியும் பாரீசும் சீர் குறைந்த சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டன. நாற்பத்தொன்பதில் வரப்பில் முள்வேலி, சாலையில் சுங்கச் சாவடி, குறுக்கே ஒரு மூங்கில் கட்டை. இங்கிருந்து ஒரு பிடி அரிசி அங்கே போகக் கூடாது.

அந்த வருஷம் பார்த்தா தையல்நாயகிக்கு ஒன்பதாம் மாசம் வரவேண்டும்? தாய்வீட்டுக் கட்டுச்சோறு தின்ற பிறகுதான் பெண் புகுந்த ஊர் எல்லையைத் தாண்டிப் பிரசவத்துக்கு வரலாம். துரைக்கண்ணுவின் மனைவி அஞ்சம்மாள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறிக் கூடையில் எடுத்து வந்தாள். வெந்தாலும் அரிசி அரிசிதான் என்று மறித்துவிட்டார் சாவடி அதிகாரி. தலைச்சன் பிள்ளை, தாய்வீட்டில் பிறக்காமல் போய்விடுமே என்று துரைக்கண்ணு கெஞ்சிப் பார்த்தார்.

கட்டைக்கு அந்தப் பக்கம் எதிர்கொள்ள வந்து நின்ற பாண்டுரங்கன் சட்டென்று திரும்பிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றே துரைக்கண்ணு நினைத்தார். சற்று நேரத்தில் மருமகளை வண்டியில் கூட்டிவந்து, கட்டையை ஒட்டி அந்தப் பக்கமே பாய் போட்டு உட்காரவைத்தார் அவர்.

"கூடை அங்கியே இருக்கட்டும் சம்பந்தி. கையி மட்டும் வரட்டும்."

அஞ்சம்மாள் கட்டைக்கு மேலே கையை நீட்டி ஊட்டினாள். கவளம் கவளமாக அரிசி தேசம் தாண்டியது. அதிகாரி நோட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். பாண்டுரங்கன் மடியிலிருந்து சுட்ட மல்லாட்டையை எடுத்து நீட்டினார். அதே வாசனை. துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்டு முடித்துத் தையல்நாயகி எழுந்தாள். இந்தப் பக்கம் என்ன கொண்டுவருகிறாள் என்று அதிகாரி கேட்டார்.

துரைக்கண்ணு மகளின் வயிற்றைப் பார்த்தார். "இப்ப ஒருத்தியா வர்றா சார். போவும்போது ரெண்டு பேராப் போவாங்க. அப்ப நிறுத்திடாதீங்க."

அதிகாரி காவலாளைக் கூப்பிடாமல், தானே போய்க் கட்டையைத் தூக்கினார்.