குடையைத் தொலைத்த நிலைய அதிகாரி

பட்டாசு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசி வருடப் படிப்பு. இரண்டாம் மொழியாக ஜப்பானிய மொழியை எடுத்திருந்தாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் அவளிடம் ஒழுங்கான பதில் கிடையாது, கண்ணுகளா. எல்லோரும் எடுக்கிறதை நான் எடுக்க மாட்டேன் என்கிற வீம்பு, அவ்வளவுதான். அந்த வீம்புக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தாள். அவள் பட்டப்பெயர் ஆமை. கேட்ட கேள்விக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். மொத்த வகுப்பே இந்த இரண்டு பெண்கள்தான்.

முதல் பருவம் முடிந்ததும் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. பட்டாசு தலைமையாசிரியர் அறைக்கு நடையாய் நடந்தாள்.

"ரெண்டு பேருக்காக யாரும்மா வருவாங்க?" என்றார் அவர்.

"அப்போ வேற மொழிக்கு மாத்தி விடுங்க சார்."

"கடைசி வருஷத்துல மாத்த முடியாது. புத்தகம் இருக்குல்ல, படிங்க."

"புத்தகம் பேசாதே சார்."

"அதான் நீ பேசுறியே, போதாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குச் சிரிப்பு, இவளுக்கு உயிர் போகிறது. இரண்டாம் மொழியில் தேறாவிட்டால் பள்ளிச் சான்றிதழே கிடையாது. எழுத்துத் தேர்வை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். வாய்மொழித் தேர்வு என்று ஒன்று இருக்கிறதே, அதில் தனியாகத் தேற வேண்டும். தோற்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா ஒரு ஹோட்டலின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். "பொண்ணு பாஸாகலேன்னா கவலைப்படாதே, ஜன்னலோரத்து இஸ்திரி மேசை காலியாத்தான் இருக்கு" என்று முதலாளி அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் பட்டாசு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வாய்மொழித் தேர்வில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து உரையாட வேண்டும். பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த உரையாடல்களில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கினார்கள். ரயில் நிலையம். பயணி ஒருத்தி குடையைத் தொலைத்துவிட்டு வருகிறாள். நிலைய அதிகாரி விசாரிக்கிறார். பயணி பட்டாசு, அதிகாரி ஆமை.

"ஆளுக்குப் பாதி. உன் பாதியை நீ பாரு, என் பாதியை நான் பாக்குறேன். எதுக்கு ரெண்டு பேரும் முழுசையும் சுமக்கணும்?" என்றாள் பட்டாசு.

ஆமை யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் பட்டாசு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகை பார்க்க இடம் இல்லை. வீடு ஒற்றை அறை. இரவு வேலை பார்த்துவிட்டு வரும் அண்ணன் பகலெல்லாம் அங்கே தூங்குவான். வாயைத் திறந்தால் தலையணை பறந்து வரும். ஆமை வீட்டில் கைக்குழந்தை. நூலகத்தில் பேசக்கூடாது. கடைசியில் சலவைக்கூடத்தின் துணி மடிக்கும் மூலைதான் வாய்த்தது. அங்கே ஈரத்துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று உண்டு. அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது வாயசைப்பாகத்தான் தெரியும்.

அதற்கும் பட்டாசு ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசி முடித்ததும் மேசையை ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டு விழுந்ததும் மற்றவள் தன் வரியைத் தொடங்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் என்ன, மேசை அதிர்வது கைக்குத் தெரியுமே!

இப்படியே மாதக்கணக்கில் தட்டித் தட்டிப் பேசினார்கள். ஒருத்தி பேசும்போது மற்றவள் தன் அடுத்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அம்மா ஒருநாள் போர்வையை மடித்துக்கொண்டே நின்று பார்த்தாள்.

"என்னடீ இது, பேசுறீங்களா, மேளம் அடிக்கிறீங்களா?"

"பேசுறோம்மா!"

"அவ என்ன சொன்னா இப்போ?"

"அது அவ பாதி. எனக்கெதுக்கு?"

அம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியிடம் போய்விட்டாள்.

தேர்வு நாள் வந்தது. வேறு ஊரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு போட்ட, முகத்தில் எதையும் காட்டாத பெண்மணி. அறையில் ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. பட்டாசு பயணியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"குடை உரையாடல்தானே? சரி, ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க. நாங்க எப்பவும் மாத்தித்தான் கேட்போம். உங்க டீச்சர் சொல்லியிருப்பாங்களே" என்றார் அவர்.

எந்த டீச்சர் சொல்வது?

பட்டாசு அதிகாரியின் நாற்காலிக்கு மாறினாள். அதிகாரிதான் முதலில் பேச வேண்டும். அதுவரைக்கும் தெரியும். என்ன பேச வேண்டும்? எத்தனையோ தடவை ஆமை அவள் முகத்துக்கு நேரே சொன்ன வரி. ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை. இருந்தால்தானே வரும்? அவள் அதைக் கேட்டதே கிடையாது. ஜன்னலோரத்து மேசை கண் முன்னால் வந்து நின்றது. தேர்வாளர் பேனாவைத் திறந்தார். ஆமை வெளிறிப்போய், கை போன போக்கில் மேசையை ஒரு தட்டு தட்டினாள்.

தட்டு விழுந்ததும் பட்டாசின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மன்னிக்கவும், என் குடையைத் தொலைத்துவிட்டேன்!"

ஜப்பானிய மொழியில்தான் சொன்னாள், கண்ணுகளா. நமக்குப் புரியட்டும் என்று நான் மாற்றிச் சொல்கிறேன். இல்லாவிட்டால் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிலைய அதிகாரி பயணியிடம் வந்து குடையைக் காணோம் என்கிறார்! ஆமையின் கண்கள் விரிந்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னாள். "எங்கே தொலைத்தீர்கள்?"

"மூன்றாவது நடைமேடையில்."

"என்ன நிறம்?"

"நீலம்."

தட்டும் பதிலுமாக ஒரு பிசிறில்லாமல் ஓடி முடிந்தது. கடைசியில் அதிகாரி பயணிக்குக் குனிந்து நன்றி வேறு சொன்னாள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மொழியிலேயே நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "அதிகாரி ஏன் பயணியிடம் குடையைக் கேட்கிறார்?"

இது எந்தப் பாதியிலும் இல்லாத கேள்வி. பட்டாசுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரிந்த நாலு சொல்லைப் பொறுக்கி எடுத்து எறிந்தாள்.

"மழை. அதிகாரிக்கு ஆசிரியை இல்லை. ஆசிரியை போனார். வேறு ஆசிரியை வரவில்லை. அதிகாரிக்கு மிகவும் கோபம்."

"யார் மேல் கோபம்?"

"எல்லார் மேலும். புத்தகம் மேல். பெரிய இயந்திரம், பெரிய சத்தம். தோழி பேசுவாள், கேட்காது. மேசை தட்டுவோம். தினமும் தட்டுவோம். கை வலி."

தேர்வாளர் ஆமையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் கோபமா?"

ஆமை யோசித்தாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாசு மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள்.

"இவள் எப்போதும் கோபம். எனக்கு நேரம் இல்லை" என்றாள் ஆமை.

தேர்வாளரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எதையோ எழுதிக்கொண்டு, "போகலாம்" என்றார்.

முடிவு வந்தபோது இருவரும் தேறியிருந்தார்கள், மயிரிழையில். மனப்பாடம் செய்த உரையாடலுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. மாற்றிக் கொடுத்த பாத்திரத்தைப் பேசவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தது. கேள்விகளுக்குச் சொன்ன பதிலுக்கு மட்டும் முழுசாகப் போட்டிருந்தார்கள்.

ஆமைக்கு அது போதும். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனாள். பட்டாசுக்குத்தான் ஆறவில்லை. வீட்டுக்குள் வந்து பையைத் தரையில் போட்டாள்.

"வருஷம் பூரா உருப்போட்டதுக்கு முட்டை. கோவத்துல வாய்க்கு வந்ததை உளறினதுக்கு மார்க்கு! இது என்னம்மா நியாயம்?"

"உளறினா மார்க்கு தருவாங்கன்னா நீ எப்பவோ பரிசே வாங்கியிருப்பியே" என்றாள் அம்மா. பாஸ் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவள் முகம் பூரித்துக் கிடந்தது. அண்ணன் போர்வைக்குள்ளிருந்தே சிரித்தான்.

"சிரிக்காதீங்க. ஒரு டீச்சர் இருந்திருந்தா நான் நிஜமாவே பேசியிருப்பேன்மா. இதைவிட நல்லா, எவ்வளவோ பேசியிருப்பேன்."

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"பேசியிருப்பேதான். வா, வந்து சாப்பிடு."

பட்டாசு சாப்பிட்டாள். ஆனால் தட்டைக் கழுவும்போது அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் தூக்கம் போய் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.