கல் அரிவாளில் ஏறாத பளபளப்பு

பழங்காலத்துக் கல் அரிவாள்களின் விளிம்புத் தேய்மானத்தை நுண்ணோக்கியில் அளப்பது அவள் வேலை. புல்லை அறுக்க அறுக்கக் கல்லில் ஒரு பளபளப்பு ஏறும். அது எவ்வளவு உழைப்பில் ஏறும் என்று பார்க்க, அதே வகைக் கல்லில் புதிதாக ஒன்று செய்து, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் மண்டிக் கிடந்த புல்லைக் காலையிலிருந்து அறுத்தாள். லீவில் வந்திருந்த அக்காவும் மாட்டிக்கொண்டாள்.

"உன் வேலை அறுவைன்னு தெரியும். இவ்வளவு அறுவைன்னு தெரியாதுடி" என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கல்லைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தார்கள். பளபளப்பு பேருக்குக்கூட இல்லை. அவள் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"மெஷின்ல கோளாறா?"

"இல்லக்கா. நாம அறுத்தது பத்தல."

பக்கத்தில் இருந்த பழைய கல் கண்ணாடி போல மின்னியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வச்சிருந்தவ உடம்பு என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கும் அறுக்கணும்க்கா" என்றாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ சீக்கிரமே கிளம்பணும். வெயில் ஏறிட்டா என்னால முடியாது."